அவுட்டோர் யூனிட்டுக்கு எந்தச் சுவர்?

கேள்வி: செங்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கிழக்குப் பார்த்த மனை, பூச்சு வேலை நடக்கிறது. கன்னி மூலையில் படுக்கையறை. அதற்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. வாங்கப்போகிறோம். அவுட்டோரைப் பின்பக்கம் மேற்குச் சந்தில் மாட்டினால் பைப் மிச்சம் என்கிறார் மெக்கானிக். சென்னையில் இருக்கும் என் தம்பி, வடக்குப் பக்கம்தான் எப்போதும் நிழல், அங்கே வை என்கிறான். மேஸ்திரியோ மொட்டை மாடியில் வைத்துவிடுங்கள், தொல்லையே இல்லை என்கிறார். மேற்கே மூன்றடிச் சந்து, அதை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் சுவர். தெற்கே ஐந்தடி இடம், அடுத்துக் காலி மனை. யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, அவர்கள் யாரும் சொல்லாத தெற்குச் சுவர். தெற்கு என்றதும் "அங்கே வெயில் அடிக்குமே" என்பீர்கள். தை மாசியில் அடிக்கும். ஏ.சி. ஓடுகிற சித்திரை, வைகாசியில் அடிக்காது.

இது சூரியன் போகிற பாதை சம்பந்தப்பட்ட விஷயம். செங்கம் ஏறக்குறைய 12.3 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தைக் கட்ட இடம் பார்த்தபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்தே பார்க்கலாம் என்பது ஒரு பெரிய வசதியாக இருந்தது. அதே அமைவிடம்தான் உங்கள் சுவர் விஷயத்திலும் பேசுகிறது. டெல்லியில் எந்த மாதமானாலும் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் அங்கே வடக்குச் சுவரை நிழல் சுவர் என்று சொல்வதில் பெரிய பிழை இல்லை. நமக்கு அப்படி இல்லை. ஏப்ரல் நான்காம் வாரத்தில் சூரியன் செங்கத்தின் உச்சிக்கு நேராக வருகிறது. அதன்பின் வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் காலை முதல் மாலை வரை சூரியன் வீட்டின் வடபக்கமாகவே போகும். தெற்குச் சுவரில் அந்த நாலு மாதம் ஒரு கீற்று நேர்வெயில்கூட விழாது.

மார்ச், ஏப்ரலில் தெற்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் அப்போதும் நண்பகல் வெயில் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால், இரண்டடி சன்ஷேடு இருந்தால் அதன் நிழல் தரைவரைக்கும் வந்துவிடும். ஆக, கோடை முழுதும் தெற்குச் சுவருக்கு ஒரு சன்ஷேடு போதும்.

மேற்குச் சுவருக்கு எந்த சன்ஷேடும் போதாது. மே மாதம் சாயங்காலம் நாலு மணி வாக்கில் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அந்நேரம் இரண்டடி சன்ஷேடு தருகிற நிழலின் நீளம் ஒன்றேகால் அடி. அதற்குக் கீழே உள்ள சுவர் முழுதும் வெயில் குடிக்கும். அதோடு மாட்டிய இரும்புப் பெட்டியும் குடிக்கும். உங்கள் தம்பி சொல்கிற வடக்குச் சுவர் மோசமில்லை. வைகாசி, ஆனியில் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் தடவிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆனால் "எப்போதும் நிழல்" என்பது இந்த ஊருக்குப் பொருந்தாத பேச்சு. அதற்காகக் கன்னி மூலை அறையிலிருந்து வீட்டைச் சுற்றி வடக்கே காப்பர் பைப்பை இழுப்பது வீண் செலவு. கிழக்குச் சுவர் கிடைக்கிற வீடுகளில் அதுவும் நல்ல இடமே: காலை வெயிலோடு சரி, மத்தியானத்துக்கு மேல் நிழல். ஏ.சி.யைப் பெரும்பாலும் இரவில் போடுகிறவர்களுக்குக் கிழக்கும் தெற்கும் ஒன்றுதான்.

சூரியனைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். ஆனால் அவுட்டோருக்கு வெயில் இரண்டாம்பட்சம். அமெரிக்காவில் புளோரிடா சோலார் எனர்ஜி சென்டர் 1990-களில் வீடுகளில் அவுட்டோர் யூனிட்டுகளுக்கு நிழல் கொடுத்து அளந்து பார்த்தது. மின்சார மிச்சம் மூன்று சதவீதத்துக்குள்தான் வந்தது. நிழலுக்காக எதையாவது கட்டிக் காற்றை மறித்துவிட்டால் அந்த மிச்சமும் போய் நட்டம் ஆகலாம் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். காரணம் எளிது. அந்தப் பெட்டி தன்மேல் விழுகிற வெயிலால் திணறுவதைவிட, உறிஞ்சுகிற காற்று சூடாக இருப்பதால்தான் அதிகம் திணறுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் என்பது மணிக்கு 18,000 பி.டி.யூ. வெப்பம், அதாவது 5.3 கிலோவாட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து இழுத்து வெளியே தள்ளுகிற திறன். கம்ப்ரசர் தின்கிற மின்சாரமும் வெப்பமாகி அதனோடு சேரும். முழுவேகத்தில் ஓடும்போது ஆறரை கிலோவாட் வாக்கில் சூடு அந்தப் பெட்டியின் முகத்திலிருந்து வெளியேறுகிறது. ஆறேழு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டுச் சந்தில் அடுக்கி வைத்ததற்குச் சமம். பின்பக்கமும் பக்கவாட்டும் இழுத்த காற்று, காயிலில் நுழைந்து, முன்பக்க ஃபேன் வழியாகச் சுமார் 10 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியே போகிறது. வெளியே 40 டிகிரி என்றால் ஃபேனிலிருந்து வருவது 50.

இப்போது உங்கள் மேற்குச் சந்துக்கு வருவோம். மூன்றடியில் பெட்டியின் கனம் ஒரு அடி, பின்பக்கச் சுவருக்கு விடுகிற இடைவெளி அரையடி. மிச்சம் ஒன்றரை அடி. 50 டிகிரிக் காற்று ஒன்றரை அடியில் பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி, போக வழி இல்லாமல் திரும்பிப் பெட்டியின் பின்பக்கத்துக்கே வரும். அதையே மறுபடி இழுத்து மறுபடி சூடாக்கும். அறைக்குள் ஏ.சி. ஓடும், குளிராது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கேஸ் கம்மி என்பார். கேஸ் சரியாகவே இருக்கும். இழுக்கிற காற்றில் ஒரு டிகிரி ஏறினாலே மின்சாரச் செலவு தோராயமாக இரண்டு மூன்று சதவீதம் ஏறும். குளிர்விக்கும் திறனும் கொஞ்சம் இறங்கும். சந்தின் சூடு வெளிச்சூட்டைவிட எட்டு டிகிரி அதிகம் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளும் இதற்கு உதவாது. ஆண்டுக்கு 1,600 மணி நேரம், வெளிச்சூடு 24 முதல் 43 டிகிரி வரை என்று வைத்துப் போட்ட கணக்கு அது. வேலூர், திருவண்ணாமலை வட்டாரத்தில் மே மாதம் 40-ஐத் தாண்டுவது வழக்கம்தான் என்றாலும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். அடைத்த சந்து அடங்காது. ஐந்து நட்சத்திர மெஷினை வாங்கிச் சந்துக்குள் திணிப்பதா, மூன்று நட்சத்திர மெஷினை வாங்கித் திறந்த இடத்தில் வைப்பதா என்று கேட்டால் நான் இரண்டாவதற்குத்தான் தலையாட்டுவேன்.

இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் கம்பெனியின் இன்ஸ்டலேஷன் மேனுவலில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். பெட்டியோடு வரும், யாரும் பிரிப்பதில்லை. பொதுவாக, பின்பக்கம் அரையடி முதல் ஒரு அடி வரை; காப்பர் பைப் பூட்டுகிற வலதுபக்கம் கை நுழைந்து ஸ்பேனர் திருப்ப இரண்டடி; மறுபக்கம் ஒரு அடி; தலைக்கு மேல் இரண்டடி; முகத்துக்கு எதிரே குறைந்தது மூன்றடி, கிடைத்தால் ஆறடி. இந்த ஐந்து பக்கத்தில் ஏதாவது ஒன்றில் சமரசம் செய்ய வேண்டுமென்றால் முகத்துக்கு எதிரே மட்டும் செய்யாதீர்கள்.

தெற்கே உங்களிடம் ஐந்தடி இருக்கிறது. பெட்டியும் பின் இடைவெளியும் போக மூன்றரை அடி. இது போதும், ஆனால் தாராளம் இல்லை. ஆகவே தரையில் வைக்காமல், சுவரில் பிராக்கெட் அடித்து ஆறேழு அடி உயரத்தில் ஏற்றுங்கள். காம்பவுண்டுச் சுவர் ஐந்தடி என்றால் சூடான காற்று அதன் தலைக்கு மேலாக வெளியே போய்விடும். சன்ஷேடின் அடிப்பக்கத்துக்கும் பெட்டிக்கும் ஒன்றரை, இரண்டடி இருக்கட்டும்.

இந்த யோசனையில் ஒரு சிக்கல் உண்டு: பக்கத்துக் காலி மனை. காலி மனை காலியாகவே இருக்காது. நாளை அங்கே வீடு வரும். அவர்களுடைய ஜன்னல் உங்கள் ஃபேனுக்கு நேரெதிரே வந்தால் ராத்திரி முழுதும் அவர்கள் படுக்கைக்கு அனல்காற்று போகும். அப்போது சண்டை போடாமல் இருக்க, பெட்டியை அறையின் ஜன்னலுக்கு அருகில் வைக்காமல் மூலைப்பக்கமாக, அதாவது மேற்குக் கோடிக்குத் தள்ளி வையுங்கள். அவர்கள் வீடு கட்டும்போது நீங்களே போய், "எங்க அவுட்டோர் இங்க இருக்குங்க, உங்க ஜன்னலை நாலடி தள்ளிப் போட்டுக்குங்க" என்று முன்கூட்டிச் சொல்லலாம். மூலையில் வைப்பதில் இன்னொரு ஆதாயம்: சந்தும் காலி இடமும் சந்திக்கிற இடத்தில் காற்று எப்போதும் புரண்டுகொண்டிருக்கும்.

காற்றுத் திசையும் தெற்குக்கே சாதகம். ஆனி, ஆடியில் மேல்காற்று மேற்கிலிருந்து வாங்கி அடிக்கும்போது, மேற்கு நோக்கி ஊதும் ஃபேன் அதை எதிர்த்து ஊத வேண்டும். தெற்கு நோக்கி ஊதுகிற ஃபேனுக்கு அது குறுக்குக் காற்று. சூட்டை அள்ளிக்கொண்டு போகும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். நல்ல நிலையில் உள்ள ஒன்றரை டன் அவுட்டோரே அருகில் நின்று அளந்தால் 50-க்கு மேல் காட்டும். தூரம் போகப் போகக் குறையும். இரண்டு சுவருக்கு நடுவே மாட்டினால் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பி அடித்து அதிகமாக்கும். மூன்றடிச் சந்து வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிராக்கெட்டுக்கும் பெட்டியின் காலுக்கும் இடையே ரப்பர் பேடு வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கம்ப்ரசரின் அதிர்வு சுவர் வழியாக உங்கள் தலைமாட்டுக்கே வரும்.

மேஸ்திரி சொன்ன மொட்டை மாடி தவறான யோசனை அல்ல. தெருவுக்குத் தெரு சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், பஜார் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில், அதைத் தவிர வேறு வழியும் கிடையாது. ஆனால் மாடியில் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பிழை நடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, அதைப் பார்த்தபடி ஒரு அடி தள்ளி வைத்துவிடுகிறார்கள். மேலே வானம் திறந்திருக்கிறது, முன்னால் மூன்றடிச் சுவர்! மாடியிலும் சந்து செய்துவிட்டார்கள். கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடிக்குமேல் தள்ளி வையுங்கள். முகம் மாடியின் நடுவைப் பார்க்கட்டும். இல்லையென்றால் ஃபேன் சுவருக்கு மேலே வருமளவு ஸ்டாண்டை உயர்த்துங்கள்.

எப்படியானாலும் மாடித் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வேண்டும். சித்திரை வெயிலில் காய்கிற தளத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தரையை ஒட்டிய காற்று மேலே இருக்கிற காற்றைவிட நன்றாகவே சூடாக இருக்கும். பெட்டியைச் சுற்றித் தளத்துக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தால் அதற்கும் நல்லது, கீழே அறைக்கும் நல்லது. தகர ஷெட்டுக்குள் அடைக்க வேண்டாம். ஸ்டாண்டைத் தளத்தில் துளை போட்டுப் பூட்ட விடாதீர்கள். தட்டோட்டைக் கிழித்தால் அடுத்த ஐப்பசியில் ஒழுகும். கான்கிரீட் கட்டைகள்மேல் நிறுத்தி, கட்டையோடு பூட்டினால் போதும். தண்ணீர் டேங்க் நிழல் கிடைக்கிறதா என்று பாருங்கள். டேங்கின் ஓவர்ஃப்ளோ பைப் பெட்டிமேல் கொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் வீட்டில் மாடி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒரு தளம் கட்டியிருக்கிறீர்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் மேலே எடுப்பீர்கள். அன்றைக்கு அவுட்டோரைக் கழற்றி, கேஸைப் பிடித்து, பைப்பை வெட்டி மறுபடி மாட்ட வேண்டும். தெற்குச் சுவரில் இருந்தால் தொடவே தேவையில்லை.

இனி, சுவரில் மாட்டுவது பற்றி. இதில்தான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் டெல்லி கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் மாட்டியிருந்த அவுட்டோர் யூனிட் ஒன்று கழன்று விழுந்தது. கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்து நண்பரோடு பேசிக்கொண்டிருந்த இளைஞர் அடிபட்டு இறந்தார். ஒன்றரை டன் அவுட்டோர் 25 முதல் 35 கிலோ. அசையாமல் தொங்கும் சுமை என்றால் சுவர் தாங்கிவிடும். இது நாள் முழுதும் அதிர்கிற சுமை. துருப்பிடித்த பிராக்கெட், அளவு பத்தாத ஸ்க்ரூ, புதுப்பூச்சின்மேல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட், எல்லாம் ஐந்தாறு வருடத்தில் பதில் சொல்லும்.

உங்கள் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் நல்லது. ஆங்கர் போல்ட் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சாந்தில் அல்ல. ஹாலோ பிளாக் சுவர் என்றால் சாதாரண ஆங்கர் பிடிக்காது. இப்போதே மேஸ்திரியிடம் சொல்லி, பிராக்கெட் வரும் இடத்தில் உள்ள பிளாக்குகளின் பொந்தைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிடுங்கள். பூச்சு காய்ந்த பிறகு மாட்டுங்கள். பிராக்கெட் கால்வனைஸ் செய்ததாக இருக்கட்டும். கடையில் ஏ.சி.யோடு இலவசமாகத் தருவதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

சன்ஷேடின்மேல் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பெட்டியை வேண்டுமானால் தாங்கும். ஆனால் சர்வீஸுக்கு வருகிறவர் எங்கே கால் வைப்பார்? அவரும் அதே மூன்று அங்குல சன்ஷேடில் ஏறி நிற்பார், பிடிக்க ஒன்றும் இருக்காது. வருடத்துக்கு இரண்டு முறை காயில் கழுவ வேண்டிய பொருள் இது. எந்த இடத்தைத் தேர்ந்தாலும் ஏணி சாத்தி, இரண்டு கையும் விட்டு வேலை செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாத இடம் என்றால் அது இடமே அல்ல. ஆறேழு அடி உயரம் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம். சாதாரண ஸ்டூல் போதும்.

பைப் நீளத்தில் மெக்கானிக் சொல்வது சரியே, குறைவாக இருப்பது நல்லது. வழக்கமாக ஏ.சி.யோடு மூன்று மீட்டர் காப்பர் பைப் வரும். கன்னி மூலை அறையின் தெற்குச் சுவரில் இன்டோரை மாட்டினால், சுவரின் மறுபக்கம் அவுட்டோர், மூன்று மீட்டருக்குள் முடிந்துவிடும். இன்னும் சுருக்கலாமே என்று ஒரு மீட்டராக வெட்ட விடாதீர்கள். கம்பெனியில் அடைத்த கேஸ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கானது. அதைவிட மிகக் குட்டையானால் சத்தமும் அதிர்வும் உள்ளே வரும். மிச்சப் பைப்பைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வளையமாக விட்டால் போதும். மாறாக, மாடிக்கோ வடக்குக்கோ பத்து மீட்டர் இழுத்தால் கூடுதல் கேஸ் அடைக்க வேண்டும், வளைவுகள் கூடும், ஒவ்வொரு இணைப்பும் ஒழுகக் கூடிய இடம். அதிகபட்ச நீளமும் உயர வித்தியாசமும் மேனுவலில் இருக்கும்.

பூட்டிய பிறகு வேக்கம் பம்ப் போட்டுப் பைப்பிலிருந்து காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவது பழைய பழக்கம்; இன்றைய ஆர்-32 மெஷின்களுக்கு அது கூடவே கூடாது. அந்த கேஸ் மெல்ல எரியும் தன்மை கொண்டதும்கூட. வேக்கம் பம்ப் கொண்டுவராத மெக்கானிக்கை, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், நாளைக்கு வாங்க அண்ணே என்று அனுப்பிவிடுங்கள்.

வெளியே ஓடும் பைப்பின் கறுப்பு ஃபோம் உறை நம் வெயிலுக்கு இரண்டு வருடத்தில் பொடிந்து உதிரும். டேப் சுற்றுவதோடு நிற்காமல் பி.வி.சி. பைப்புக்குள்ளோ சேனலுக்குள்ளோ விடுங்கள். மலையடிவாரத்துத் தெருக்களில் குரங்கு வருகிற வீடுகளுக்கு இது கட்டாயம். அந்த ஃபோமைப் பிய்ப்பதில் அவற்றுக்குத் தனி மகிழ்ச்சி.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். நகரத்து ஆட்கள் எழுதுகிற ஆலோசனைகளில் இது இருக்காது. மாட்டுக் கொட்டகைக்கு அருகே அவுட்டோர் வேண்டாம். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா, செம்பையும் பித்தளை நட்டையும் அரிக்கும். செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய்க்கு அருகேயும் வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு செம்பைக் கறுக்கவைக்கும். களத்தையோ, அறுவடைக் காலத்தில் மல்லாட்டை காயவைத்துத் தூற்றுகிற சாலையோரத்தையோ பார்த்த சுவர் என்றால் தூசியும் தோலும் காயிலில் போர்வையாகப் படியும். ரைஸ் மில் பக்கம் என்றால் உமித்தூள். கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளுக்கு லாரிப் புழுதி. இடத்தை மாற்ற முடியாவிட்டால் கழுவும் இடைவெளியைச் சுருக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பின்பக்கம் நெருக்கமான வலை அடிப்பது தீர்வல்ல. வலையில் தூசி அடைத்துக் காற்று நின்றுபோகும். திருட்டுக்குப் பயந்து கூண்டு போடுகிறவர்கள் கம்பிகளுக்கு இடையே கை நுழைகிற அளவு விடுங்கள், சர்வீஸுக்குத் திறக்கும் கதவும் வையுங்கள்.

கோடையில் சிலர் அவுட்டோர்மேல் ஈரச் சாக்கு போடுகிறார்கள், ஹோஸ் பைப்பால் போர்த் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அப்போதைக்குக் குளிரும். நம் போர்த் தண்ணீரின் உப்பு காயில் இதழ்களில் வெள்ளையாகப் பூத்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். கழுவுவதற்கு முடிந்தவரை உப்பில்லாத தண்ணீர், மெல்லிய தூறலாக, மெயினை அணைத்துவிட்டு.

பல்லியும் எறும்பும் சின்ன விஷயம் போலத் தெரியும். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் அவுட்டோருக்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. பல்லி ஒன்று குறுக்கே விழுந்தால் அதோடு போர்டும் போகும். வயர் நுழைகிற ஓட்டையை ரப்பர் வளையமும் சீலன்ட்டும் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். இடி மழை நாட்களில் அவுட்டோரின் எம்.சி.பி.யைத் தட்டிவிடுவதும் அதே போர்டைக் காக்கத்தான்.

தரையில் வைப்பவர்களுக்கு: மழையில் நனைவதால் அவுட்டோருக்கு ஒன்றும் ஆகாது, அதற்காகவே செய்த பெட்டி அது. தேங்கும் தண்ணீர்தான் ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி இந்தப் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். செய்யாற்றங்கரைத் தெருக்களிலும் ஏரி வாய்க்கால் ஓரத்திலும் இருப்பவர்கள் அன்று வாசலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பெரியவர்களைக் கேட்டு, அதற்கு ஒரு அடி மேலே மேடை கட்டுங்கள்.

ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்; அங்கே நல்ல ஜன்னலும் ஒரு சீலிங் ஃபேனும் பாதி வேலையை முடித்துவிடும்.

பூச்சு வேலை நடக்கும்போதே கேட்டீர்கள், அதில் பாதிச் செலவு மிச்சம். நாளைக்கே மேஸ்திரியிடம் இவற்றைச் சொல்லிவிடுங்கள். தெற்குச் சுவரில் இன்டோர் வரும் உயரத்துக்குச் சற்றுக் கீழே இரண்டரை, மூன்று அங்குல பி.வி.சி. ஸ்லீவ் ஒன்று, வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்தபடி; மழைத் தண்ணீர் உள்ளே வராது, டிரெயின் தண்ணீர் வெளியே ஓடும். அந்த டிரெயின் பைப்பைச் சுவரில் சொட்டவிடாமல் செடிப் பாத்திவரை கொண்டுபோங்கள். எலக்ட்ரீஷியனிடம் ஏ.சி.க்குத் தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் கேளுங்கள். ஊர்க்கோடி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைன் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்துவிட்டு ஸ்டெபிலைசர் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

மாட்டி முடித்த அன்று, மத்தியானம் மூன்று மணிக்கு அரைமணி நேரம் முழுவேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு சாதாரண தெர்மாமீட்டரை முதலில் வாசல் நிழலில் பிடித்துப் பாருங்கள். பிறகு அதையே அவுட்டோரின் பின்பக்கம், காற்று உள்ளே நுழைகிற இடத்தில் பிடியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் என்றால் இடம் சரி. நாலைந்து டிகிரி காட்டினால் சூடான காற்று திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஊதுபத்தி ஒன்றை ஏற்றி முன்பக்க ஓரத்தில் காட்டினால் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்பதும் தெரியும். மெக்கானிக் ஏணியோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். பிராக்கெட்டை ஒரு அடி நகர்த்துவது அன்றைக்கு அரைமணி வேலை.